நீல வானத்தில் கண்ணாடித் தூள்

சாம்பல் என்ற சொல்லைக் கேட்டால் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? எனக்கு முதலில் திருநீறு. அடுத்தது, அம்மாவின் ஊர்க்கதைகளில் வரும் அடுப்புச் சாம்பல். விறகடுப்பில் எஞ்சியதை அள்ளி வைத்து, பொச்சில் தொட்டு, அடிப்பிடித்த சட்டியைத் தேய்ப்பார்களாம். இரண்டும் மென்மையானவை. விரலில் எடுத்தால் மா மாதிரி இருக்கும்.

எரிமலை கக்குவதற்கும் நாங்கள் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. எரிமலைச் சாம்பல் எதுவும் எரிந்து வந்ததல்ல. அது உடைந்த கல், உடைந்த கண்ணாடி. நிலத்துக்கு அடியில் உருகிய பாறைக்குள் நீராவியும் வேறு வாயுக்களும் கரைந்து கிடக்கும். பாறைக் குழம்பு மேலே வர வர அழுத்தம் குறையும், குமிழிகள் பெருகும். குலுக்கிய சோடாப் போத்தலைத் திறந்தது போல எல்லாம் ஒன்றாக வெளியே பாயும்போது குழம்பு சிதறி, காற்றிலேயே உறைந்து, கண்ணாடித் துண்டுகளாகிவிடும். இரண்டு மில்லிமீற்றருக்குக் குறைந்த துண்டுகள் எல்லாவற்றுக்கும் நிலவியலில் சாம்பல் என்றுதான் பெயர். அம்மா தேய்த்த சட்டியை இந்தச் சாம்பலால் தேய்த்தால் சட்டியே தேய்ந்துவிடும்.

இதை வாசிக்கும் பலர் 2010 ஏப்ரலில் பாலர் பள்ளியில் இருந்திருப்பீர்கள், அல்லது பிறந்தே இருக்கமாட்டீர்கள். ஆகவே கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன்.

ஐஸ்லாந்தின் தெற்கில் எய்யாஃபியட்லாயோகுட்ல் என்று ஓர் எரிமலை இருக்கிறது. தீவு, மலை, பனிப்பாறை என்ற மூன்று சொற்களை ஒட்டிய பெயர். தமிழில் நாங்களும் இப்படித்தான் சொற்களைப் புணர்த்துவோம், அதனால் எனக்கு அந்தப் பெயரில் குறை இல்லை. உலகம் முழுக்கச் செய்தி வாசித்தவர்கள்தான் பாவம். மார்ச் 20 அன்று மலையின் பக்கவாட்டில் ஒரு வெடிப்புத் திறந்து லாவா வழிந்தது. சுற்றுலாப் பயணிகள் போய்ப் படம் எடுத்தார்கள். ஏப்ரல் 14 அன்று வெடிப்பு மலையுச்சிக்கு மாறியது. அங்கே ஏறத்தாழ 200 மீற்றர் தடிப்பில் பனிப்பாறை. கொதிக்கிற குழம்பு பனி உருகிய தண்ணீரில் பட்டால் என்ன நடக்கும்? அடுப்பில் காய்ந்த கண்ணாடிச் சட்டியைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துப் பாருங்கள். (வைக்காதீர்கள்.) குழம்பு மாப் போலப் பொடிந்து, ஏறத்தாழ 9 கிலோமீற்றர் உயரத்துக்கு எழும்பியது. அந்த வாரம் வடமேற்குக் காற்று நேரே எங்கள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது.

அதே 14ஆம் திகதி இரவு ரொறொன்ரோவில் என் அம்மம்மா காலமானார்.

அம்மா ஆறு வருடமாகத் தன் தாயைப் பார்த்திருக்கவில்லை. மாமா தொலைபேசியில் சொன்னார்: ஞாயிறு, 18ஆம் திகதி தகனம், மண்டபம் பதிந்தாயிற்று. வெள்ளிக்கிழமை காலை பில்லுண்டிலிருந்து அம்மாவுக்குப் பயணச்சீட்டு எடுத்தோம். வியாழக்கிழமை டென்மார்க்கின் வான்வெளியை மூடினார்கள். வெள்ளிக்கிழமை அரசி மார்கிரெத்தவுக்கு 70ஆவது பிறந்தநாள், கோபன்ஹேகனில் பெரிய கொண்டாட்டம். அழைக்கப்பட்ட விருந்தினர்களில் சிலராலேயே வரமுடியவில்லை என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அரச குடும்பங்களுக்கே வழியில்லை என்றால் எங்களுக்கு எங்கே!

விமான நிறுவனத்தின் தொலைபேசியில் மணிக்கணக்காக இசைதான் கேட்டது. அப்பா வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, மட்றிட் திறந்திருக்கிறது, காரில் போவோம் என்றார். ஹேர்னிங்கிலிருந்து கிட்டத்தட்ட 2500 கிலோமீற்றர். போய்ச் சேர்ந்தாலும் இருக்கை கிடைக்காது, அரை ஐரோப்பாவும் அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. தகனத்தைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கலாம் என்றால், எத்தனை நாளுக்கு என்று யாருக்கும் தெரியாது. அதுதான் எல்லாவற்றிலும் கொடுமை. ஞாயிற்றுக்கிழமை மச்சான் மடிக்கணினியைத் தூக்கிப் பிடித்திருக்க, அம்மா ஸ்கைப்பில் தன் தாயின் முகத்தைப் பார்த்தார். படம் நடுவில் இரண்டு தடவை உறைந்து நின்றது.

அந்த மூன்று நாளும் யூலாண்டில் அருமையான வெயில். அம்மா யன்னலடியில் நின்று கேட்டார்: "வானம் பளிச்செண்டு நீலமாக் கிடக்கு. எந்த முகிலைப் பற்றி இவங்கள் கதைக்கிறாங்கள்? உண்மையா அங்க ஏதும் இருக்கோ, தம்பி?"

அப்போது நான் பொறியியலில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன், பாய்ம இயக்கவியல் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்குப் பதில் என் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தில் பாதியளவு இருந்தது. மீதிப் பாதி வந்துசேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

முதல் பாதி இது. 1851 இல் ஜோர்ஜ் கேப்ரியல் ஸ்ரோக்ஸ் என்பவர் கண்ட விதி: காற்றில் விழும் சிறிய துணிக்கையின் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள சாம்பல், அதாவது மெல்லிய மணல், விநாடிக்கு அரை மீற்றர் போல விழும். (இந்த அளவில் விதி சற்றே பிசகும், அதைத் திருத்தித்தான் சொல்கிறேன்.) 8 கிலோமீற்றர் உயரத்திலிருந்து தரைக்கு வர நான்கைந்து மணித்தியாலம். அதில் பத்தில் ஒன்று, அதாவது 10 மைக்ரோமீற்றர் அளவுள்ள துணிக்கைக்கு விநாடிக்கு 7 அல்லது 8 மில்லிமீற்றர்தான். அதே உயரத்திலிருந்து இறங்கப் பன்னிரண்டு நாள்! ஐஸ்லாந்திலிருந்து டென்மார்க் கிட்டத்தட்ட 2000 கிலோமீற்றர். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால் ஒன்றேகால் நாளில் வந்துவிடும். ஆகவே பெரிய துண்டுகள் எல்லாம் ஐஸ்லாந்தின் வயல்களிலும் அதை அடுத்த கடலிலும் விழுந்துவிட, எங்கள் தலைக்கு மேல் வந்தது சலித்தெடுத்த மிக மெல்லிய தூள். காற்றுதான் அரிதட்டு.

உண்மையில் இந்தக் கணக்கு இவ்வளவு சுத்தமாக நடப்பதில்லை. ஈரத்தாலும் மின்னேற்றத்தாலும் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகி முன்னதாகவே விழும். மழை பெய்தால் கழுவிக்கொண்டு போகும். அந்த வாரம் மழை இல்லை.

இன்னொன்று: சாம்பல் முகில் என்றால் பஞ்சுப்பொதி போல ஒன்று மிதந்து வருவதாக நினைக்காதீர்கள். ஒவ்வொரு உயரத்திலும் காற்று வேறு வேறு திசையில், வேறு வேறு வேகத்தில் வீசும். அதனால் முகில் இழுபட்டு, மடிந்து, சில நூறு மீற்றரிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீற்றர் வரை தடிப்புள்ள நாடாக்களாகிவிடும். பாலைக் கோப்பிக்குள் ஊற்றிக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினால் வருமே, அந்தக் கோடுகள் மாதிரி. கீழே நின்று பார்ப்பவருக்கு நீலம் கொஞ்சம் வெளிறினது போலத் தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. விமானத்தில் இருக்கும் வானிலை ராடாருக்கும் தெரியாது. அது மழைத்துளியைத் தேடச் செய்தது, இந்தத் தூள் அதற்கு மிகச் சிறியது. ஆக, வானம் நீலமாக இருந்தது ஒரு சாட்சியே அல்ல.

அப்படியென்றால் பயம் எங்கிருந்து வந்தது? 1982 ஜூன் 24 இரவு, இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று தெரியாமல் நுழைந்தது. 263 பேர். நான்கு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. காரணம் இதுதான்: எரிமலைக் கண்ணாடி 1100 பாகை செல்சியஸை அண்டிய வெப்பத்தில் இளகத் தொடங்கும், ஜெட் இயந்திரத்தின் எரியறை அதைவிடச் சூடு. உள்ளே போன தூள் உருகி, அடுத்த தட்டில் இருக்கும் சுழலித் தகடுகளில் ஒட்டி மறுபடி உறையும். காற்று போகும் வழி அடைபடும், இயந்திரம் மூச்சுத் திணறி நிற்கும். தலைமை விமானி எரிக் மூடி மிதந்து இறங்கி, சாம்பலுக்குக் கீழே வந்த பிறகு இயந்திரங்கள் மீண்டும் பற்றின. குளிர்ந்த கண்ணாடி வெடித்து உதிர்ந்ததுதான் காப்பாற்றியது. முன்கண்ணாடி மணலால் தேய்த்தது போல மங்கிவிட்டதால், ஜகார்த்தாவில் ஓடுபாதையைச் சரியாகப் பார்க்காமலே இறக்கினார்கள். 1989 டிசம்பரில் அலாஸ்காவில் ஒரு டச்சு விமானத்துக்கும் இதே கதி. அதுவும் தப்பியது.

இந்த இரண்டு சம்பவங்களுக்குப் பிறகு உலகை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒன்றாக எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை நிலையங்கள் அமைத்தார்கள். ஐஸ்லாந்து லண்டன் நிலையத்துக்குக் கீழ் வரும். விதி எளிது: சாம்பல் இருக்கும் இடத்தில் பறக்காதே. எவ்வளவு சாம்பல் என்ற கேள்வி விதியில் இல்லை.

என் வேலை தெரிந்தவர்களுக்கு நான் இங்கே ஏன் நிமிர்ந்து உட்காருகிறேன் என்று புரியும். கணினி ஆலோசகனாக நான் நாள் முழுக்கச் செய்வது, எந்த எண்ணைத் தாண்டினால் எச்சரிக்கை அடிக்கவேண்டும் என்று வாடிக்கையாளரோடு மல்லுக்கட்டுவதுதான். எண் இல்லாத எச்சரிக்கை இரண்டு விதமாகத்தான் நடந்துகொள்ளும்: ஒன்றில் எப்போதும் அடிக்கும், அல்லது யாரோ அதை நிறுத்திவிடுவார்கள்.

லண்டன் நிலையம் பயன்படுத்திய கணினி மாதிரியின் வேர் 1986 செர்னோபில் விபத்தில் இருக்கிறது. கதிரியக்கம் எங்கே பரவும் என்று கணிக்க எழுதியதைச் சாம்பலுக்கும் பயன்படுத்தினார்கள். காற்று எந்தப் பக்கம் போகும் என்பதை அது நன்றாகவே சொன்னது. எவ்வளவு சாம்பல் புறப்பட்டது என்பதுதான் தெரியவில்லை. அதை எரிமலைப் புகைத்தூணின் உயரத்தை வைத்து ஊகிப்பார்கள், ஆனால் புறப்படும் அளவு உயரத்தின் ஏறத்தாழ நான்காம் அடுக்கைப் பொறுத்தது. உயரத்தை 20 சதவீதம் கூட்டி எடுத்தால் சாம்பல் இரண்டு மடங்காகிவிடும். அந்த உயரத்தை அளக்க ஐஸ்லாந்தில் அப்போது இருந்த நிலையான வானிலை ராடார் ஒன்றே ஒன்று. அதுவும் கெஃப்லாவிக்கில், எரிமலையிலிருந்து 155 கிலோமீற்றர் தள்ளி.

ஏப்ரல் 16, 17 திகதிகளில் ஜெர்மனியில் லேசர் கருவிகளால் மேலே அளந்தார்கள். லைப்சிக்குக்கு மேல் அடர்ந்த இடத்தில் ஒரு கனமீற்றர் காற்றில் கிட்டத்தட்ட 1 மில்லிகிராம் சாம்பல் என்று கணித்தார்கள். முகில் கற்பனை அல்ல, அம்மா. இருந்தது. பிறகு 20, 21 திகதிகளில், விமானங்கள் நின்று ஆறு நாளான பிறகு, ஒரு எண் வந்தது: கனமீற்றருக்கு 2 மில்லிகிராம் வரை பறக்கலாம். வான்வெளி திறந்தது. அதற்குள் ஏறத்தாழ ஒரு இலட்சம் விமானப் பயணங்கள் இரத்து, ஒரு கோடிப் பயணிகள் ஆங்காங்கே.

2 மில்லிகிராம் என்றால் சின்னதாகத் தெரிகிறதா? பெரிய விமானத்தின் ஓர் இயந்திரம் விநாடிக்கு ஆயிரம் கனமீற்றர் அளவில் காற்றை உள்ளே எடுக்கும். விநாடிக்கு 2 கிராம் தூள், மணிக்கு 7 கிலோ. அதில் பெரும்பகுதி இயந்திரத்தின் சூடான நடுப்பகுதிக்குள் போகாமல் வெளிவளையத்தால் கடந்துவிடும், அதனால்தான் அந்த எண்ணை ஏற்க முடிந்தது.

இப்போது நேர்மையாக ஒன்று கேட்கவேண்டும். பின்னால் வந்த எண்ணை வைத்துப் பார்த்தால், அந்த வெள்ளிக்கிழமை அம்மா பறந்திருக்கலாமா? ஐரோப்பாவின் பெரும்பகுதி அந்த எல்லைக்குக் கீழேதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் வெள்ளிக்கிழமை அந்த எண் இல்லை. எண் இல்லாதபோது மூடியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். 263 பேரை இருட்டில் மிதக்கவிட்ட ஒரு பொருளோடு யாரும் சூதாடக்கூடாது. என் கோபம் வேறு இடத்தில். 1982 இலிருந்து 28 வருடம். இயந்திரம் செய்பவர்களும் விதி செய்பவர்களும் ஒரே மேசையில் இருந்து ஒரு எண்ணைப் பேசி முடிக்க அவ்வளவு காலம் போதாதா? ஆறு நாளில் வந்த எண் அதற்கு முன் ஏன் வரவில்லை? அடுத்த வருடமே, 2011 மே மாதம், அதே ஐஸ்லாந்தில் கிரிம்ஸ்வோட்ன் வெடித்தது. எய்யாஃபியட்லாயோகுட்லைவிடக் கூடுதலாகச் சாம்பல் கக்கியது. ஐரோப்பாவில் நின்றுபோன விமானப் பயணங்கள் 900 அளவில்தான். காற்றின் திசையும் தூளின் பருமனும் கைகொடுத்தன, உண்மை. ஆனால் எண் ஒன்று கையில் இருந்ததும் உண்மை.

என் பாடப்புத்தகத்தில் இல்லாத மீதிப் பாதி கோபன்ஹேகனிலிருந்து வந்தது. வெடிப்பின் தொடக்கத்திலேயே ஐஸ்லாந்து விஞ்ஞானி சிகுர்துர் கிஸ்லாசனின் குழு சாம்பலைச் சேகரித்து, கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஸ்டிப்பின் ஆய்வுகூடத்துக்கு அனுப்பியது. அவர்களின் கட்டுரை 2011 இல் வந்தது. தூள் மிக மெல்லியது, கடினமானது, விளிம்புகள் கூரானவை. தண்ணீரில் இரண்டு வாரம் கலக்கிக்கொண்டே இருந்தும் அந்த விளிம்புகள் மழுங்கவில்லை. விமானங்களை நிறுத்தியது காரணமில்லாமல் அல்ல என்பதுதான் அவர்களின் முடிவு. கட்டுரையின் சுருக்கத்தை நான் அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர் சொன்னது: "அப்ப சரி. சும்மா மறிக்கேல்லை." பிறகு தேத்தண்ணி போடப் போய்விட்டார். அதை ஆறுதல் என்று சொல்வதா என்று எனக்கு இன்றும் தெரியாது.

சாம்பல் இரண்டு வாரத்தில் விழுந்துவிடும் என்றால், எரிமலை உலகத்தையே குளிராக்கியது என்றெல்லாம் படிக்கிறீர்களே, அது எப்படி? அது சாம்பலின் வேலை அல்ல, வாயுவின் வேலை. கந்தகவீரொட்சைட்டு மழை எட்டாத உயரத்துக்குப் போனால் மிக நுண்ணிய அமிலத் துளிகளாக மாறி, மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் தங்கும். 1883 ஓகஸ்டில் கிரகற்றோவா வெடித்து இரண்டு கிழமைக்குள், செப்டம்பரில், இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய, கிட்டத்தட்ட ஒரே அளவான துணிக்கைகள் காற்றில் நிறைந்தால் சிவப்பு அதிகம் சிதறி, பச்சையும் நீலமும் எங்களை வந்துசேரும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிகம் கற்பித்த மிக்கி ஸ்மித் அந்தப் பச்சைச் சூரியனின் ஒளியைப் பகுத்துப் பார்த்து எழுதினார். பின்னாளில் கொடைக்கானல் வானாய்வகத்தைத் தொடக்கியவரும் அவர்தான். அன்று எங்கள் பூட்டன் பூட்டி யாராவது முற்றத்தில் நின்று அந்தச் சூரியனைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும்.

சாம்பலைத் தொட்டுப் பார்க்க ஐஸ்லாந்துக்குப் போகத் தேவையில்லை. ஸ்கீவவுக்கு வடக்கே லிம்ஃபியோர்டில் ஃபூர் என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. ஹேர்னிங்கிலிருந்து காரில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள், கடைசியில் பிராண்டனிலிருந்து ஒரு படகு, ஒரு பாட்டுக் கேட்டு முடிவதற்குள் அக்கரை. தீவின் வடகரையில் வெளிறிய மஞ்சள் நிறப் பாறைச் சரிவு, அதற்குள் கறுப்புக் கோடுகள். மஞ்சள் மண்ணுக்கு மோலேர் என்று பெயர்: கோடிக்கணக்கான நுண்பாசிகளின் ஓடுகளும் களிமண்ணும். கறுப்புக் கோடுகள் ஏறத்தாழ 55 மில்லியன் வருடங்களுக்கு முன், கிரீன்லாந்தும் ஐரோப்பாவும் பிரிந்துகொண்டிருந்த காலத்தில் வெடித்த எரிமலைகளின் சாம்பல். 1918 இல் பொகில்ட் என்ற டெனிஷ் நிலவியலாளர் அவற்றுக்கு எண் இட்டார், கழித்தல் 39 இலிருந்து கூட்டல் 140 வரை. சில விரல் தடிப்பு, சில ஒரு சாண்.

போன கோடையில் அம்மாவையும் அக்காவின் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். தடித்த கோடு ஒன்றை எடுத்துக் கிட்டத்தில் பாருங்கள்: அடியில் கறுத்த, கரகரப்பான மணல், மேலே போகப் போக நிறம் வெளிறி, தூள் மென்மையாகும். பெரியது முதலில் விழுந்தது, சிறியது பிறகு. ஸ்ரோக்ஸின் விதியைச் சுவரில் எழுதி வைத்தது போல இருக்கும். அம்மா அடியையும் மேலையும் விரலால் மாறி மாறித் தடவிப் பார்த்துவிட்டு, "இது விழ எத்தினை நாள் எடுத்திருக்கும்?" என்று கேட்டார். அது அப்போது கடலடி என்பதால் தண்ணீருக்கும் கணக்குப் போட்டேன். நூறு மீற்றர் ஆழத்துக்கு அடியில் இருக்கும் மணல் மூன்று நான்கு மணித்தியாலம், மேலே இருக்கும் தூள் இரண்டு கிழமை. மருமகன் தொலைபேசியில் கணக்கைச் சரிபார்த்தான்.

நீங்கள் போவதென்றால் ஒரு விசயம். அந்தக் கரையில் மீன், பறவை, பூச்சி எல்லாம் கல்லாகிக் கிடைக்கும். அரிதான ஒன்று அகப்பட்டால் அது அரசுக்குச் சொந்தம், தனெக்ரே என்ற சட்டப்படி அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கவேண்டும். அதற்கு ஒரு சன்மானமும் தருவார்கள். எங்களுக்கு அன்று கிடைத்தது காற்சட்டை முழுக்க மஞ்சள் தூள் மட்டும்தான்.